அச்சமும் மனச்சான்றும்

குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தயங்கும் பெற்றோரை அறியாதோர் என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட 4 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஊசி போடுமாறு அரசு முறையை மாற்றியது. ஆகவே அச்சம் குற்றமன்று. ஆனால் அச்சமே தீர்ப்பும் ஆகாது.

2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடும் பணி தமிழகமெங்கும் தொடங்கியபோது, கைப்பேசி வழியே பரவிய வதந்தியால் பெற்றோர் பலர் மறுத்தனர். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு தாய்க்கு இத்தகைய செய்தி வந்தால், அவள் செய்யத்தக்கது என்ன? கேட்பதே. எந்நோய்க்கு இவ்வூசி? காய்ச்சல் வருமா? முன்பு ஒவ்வாமை கண்ட பிள்ளைக்குப் போடலாமா? சுகாதாரச் செவிலியரிடம் இவற்றைக் கேட்பது அவளது உரிமை. பொறுமையாய் விடை தருவது செவிலியரின் கடமை. வதந்தியை அனுப்பியவரோ விடை சொல்ல வரமாட்டார்.

போடாதிருப்பதும் ஒரு முடிவே என்பதை மறவோம். தட்டம்மை நிமோனியாவையும் மூளை அழற்சியையும் தரவல்லது. ரூபெல்லா கருவுற்ற பெண்ணைத் தொற்றினால், வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணும் செவியும் இதயமும் பழுதுறலாம். நம் பிள்ளைக்காக நாம் எடுக்கும் முடிவு, இன்னும் பிறவாத அயலார் பிள்ளையையும் தொடுகிறது. கேட்டறிந்தபின் பேசும் மனச்சான்றே நம்பத்தக்கது.