பொறுத்துப்போவதா துணை?

கணவனுக்கு விறைப்புக் குறைபாடு வந்துவிட்டால் மனைவி என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு நம் வீடுகளில் ஒரே பதில்தான் தயாராக இருக்கிறது: வெளியே சொல்லாதே, பொறுத்துப்போ. அந்தப் பதிலுக்குக் கற்பு, இல்லறம், தாலி பாக்கியம் என்று சமயச் சாயமும் பூசிவிடுகிறோம். பொறுத்துப்போவதும் துணை நிற்பதும் ஒன்றுதானா? இல்லை என்றே நினைக்கிறேன். தனக்கும் ஆசை உண்டு, அதில் நியாயமும் உண்டு என்று ஒப்புக்கொள்ளப்பட்ட ஒருத்தியால்தான் எதையாவது விட்டுக்கொடுக்க முடியும். கேட்கவே உரிமை இல்லாதவளிடம் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? பழைய சமயச் சட்டங்களைப் புரட்டினால், இந்த விஷயத்தில் அவை நம்மைவிடக் கூச்சம் குறைந்தவையாக இருந்திருப்பது தெரிகிறது.

யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரத்தை விளக்கிய யூத ரபிகள், உணவு, உடை, தாம்பத்திய உறவு ஆகிய மூன்றும் கணவன் மனைவிக்குக் கொடுத்தாக வேண்டிய கடன் என்றார்கள். அவர்களுடைய மிஷ்னா நூல் தொழில்வாரியாகக் கணக்கே போட்டது: கூலியாளுக்கு வாரம் இரண்டு முறை, கழுதை ஓட்டிக்கு வாரம் ஒரு முறை, கப்பலோட்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல், மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உள்ள அதிகாரத்தை அப்படியே மனைவிக்கும் கொடுக்கிறார். இஸ்லாத்தின் ஹனஃபி சட்ட மரபில், உறவு கொள்ள இயலாத கணவன்மேல் மனைவி முறையிட்டால் நீதிபதியான காழி அவனுக்கு ஓராண்டு தவணை தருவார். நோய் வெப்பத்தாலோ குளிராலோ வந்திருந்தால் பருவங்கள் எல்லாம் ஒரு சுற்று வருவதற்குள் சரியாகிவிடும் என்பது கணக்கு; ஆகாவிட்டால் பிரிந்துபோக அவளுக்கு உரிமை உண்டு. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் இந்த ஓராண்டு இருக்கிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவும், கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1084ஆம் விதியும் இதே குறையைத் திருமணத்தை ரத்து செய்யும் காரணமாக ஏற்கின்றன.

ஆனால் பிரிவுக்கு வழிவிடும் இந்தச் சட்டங்கள் எல்லாமே திருமணத்தின் தொடக்கத்தைப் பற்றியவை. கத்தோலிக்க விதி கேட்பது திருமணத்துக்கு முன்பே இருந்த, தீராத குறையை. ஹனஃபி மரபில் ஒரே ஒரு முறை உறவு நடந்திருந்தாலும் அந்த வழக்குக்கு இடமில்லை. நோயோ பெரும்பாலும் பிறகுதான் வருகிறது. 1994இல் வெளியான மாசசூசெட்ஸ் ஆய்வு, 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களில் 52 விழுக்காட்டினருக்குச் சிறிதோ பெரிதோ விறைப்புக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. பிள்ளைகள் பிறந்து, வீடு கட்டி, இருபது வருடம் கழித்து ஒருவருக்கு இது வந்தால் இந்தப் பிரிவுச் சட்டங்கள் எதுவும் அந்தப் படுக்கையறைக்குள் நுழைவதில்லை. அங்கே இருவரின் மனசாட்சிதான் மிஞ்சுகிறது. அந்த இடத்தை ‘பொறுத்துப்போ’ என்ற ஒற்றைச் சொல்லால் நாம் அடைத்து வைத்திருக்கிறோம்.

பொறுத்துப்போவதில் முதல் கேடு உடலுக்கு. விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தின் வேலை. நரம்பு முனைகளிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு குழாயைத் தளர்த்தினால்தான் ரத்தம் நிறையும். அந்த வாயு உடலுக்குள் சேதி சொல்வதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, புகை ஆகிய மூன்றும் முதலில் கெடுப்பது இந்தக் குழாய்களைத்தான். ஆணுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளைவிட மெல்லியவை என்பதால் அடைப்பு அங்கே முன்னதாகத் தெரிகிறது. மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே வரும் எச்சரிக்கையாக மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள். வாலிபத்தில் செய்த தப்புக்குத் தண்டனை என்று கூனிக்குறுகுகிறவரும், நரம்புத் தளர்ச்சி என்று லாட்ஜில் அறை போட்டிருக்கும் வைத்தியரிடம் ரகசியமாகப் போகிறவரும் அந்த எச்சரிக்கையைத் தவறவிடுகிறார்கள். ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தும், அந்த விளம்பரம் இல்லாத பொதுக் கழிப்பறைச் சுவரைத் தேட வேண்டியிருக்கிறது. மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய சரக்குகளில் விறைப்புக்குத் தரப்படும் சில்டெனாஃபில் மாத்திரையைச் சொல்லாமல் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் நைட்ரேட் வைத்துக்கொள்கிறவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். எனவே முதல் கடமை கணவனுடையது: மனைவியிடம் உண்மையைச் சொல்வது, மருத்துவரிடம் போவது. அவள் உடன் போவது அதற்கு அடுத்தது.

இங்கே சைவர் ஒருவர் குறுக்கிடலாம். தில்லைக் குயவர் திருநீலகண்ட நாயனாரும் அவர் மனைவியும் இளமையிலிருந்து முதுமை வரை ஒரே வீட்டில் தொடாமல் வாழ்ந்தார்களே, அயலாருக்குக்கூடத் தெரியாதே. சேக்கிழார் போற்றும் அந்த இல்லறத்தில் உடல் எங்கே இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உடலுறவு நின்றாலும் திருமணம் நிற்கும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கதையில் எல்லை போட்டது யார்? மனைவி. பரத்தையிடம் போய் வந்த கணவனைத் தொடக்கூடாது என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டது அவள். அந்தச் சொல்லுக்கு வாழ்நாள் முழுக்கக் கட்டுப்பட்டது அவர். தன் உடல்மேல் தனக்குள்ள அதிகாரத்தை வாய்திறந்து சொன்னவளின் கதையை, வாய்மூடிக் கிடப்பதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. ஐம்பது வயதுக்குமேல் இதெல்லாம் எதற்கு, வானப்பிரஸ்தம் வந்ததாக நினைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கும் ஏறக்குறைய இதையே சொல்வேன். துறவு என்றால் துறக்கிறவர் தாமாகத் துறக்க வேண்டும். ஒருவருடைய சர்க்கரை நோய் இன்னொருவருக்குத் துறவறம் ஆகாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மனைவிக்கு உரிமை, கணவனுக்குக் கடன் என்று பேசினால் ஏற்கனவே அவமானத்தில் இருப்பவன் இன்னும் ஒடுங்கிப்போவானே என்பது அது. உண்மைதான், பயமும் பதற்றமும் ரத்தக்குழாயை இறுக்கிக் குறையைப் பெரிதாக்குகின்றன. கடன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட பழைய சட்டங்கள் சறுக்குவதும் இங்கேதான்: நீதிமன்றத்தில் நிரூபிக்க எளிது என்பதால் தாம்பத்தியம் முழுவதையும் ஒரே உறுப்பின் ஒரே செயலாகச் சுருக்கிவிட்டன. நம் திருக்குறளின் காமத்துப்பால் அப்படிச் சுருக்கவில்லை. அதன் 25 அதிகாரங்களில் பெரும்பகுதி பார்வை, பிரிவு, ஏக்கம், ஊடல் என்றே போகிறது. கடைசி அதிகாரம்கூட ஊடலின் மகிழ்ச்சியைப் பற்றியது. மனைவிக்கு உள்ள உரிமையை நான் அந்த அகலத்தில்தான் புரிந்துகொள்கிறேன். அவளுக்கு வர வேண்டியது விறைப்பு மட்டுமாக இருக்க முடியாது. தொடுதல், பேச்சு, தான் இன்னும் விரும்பப்படுகிறோம் என்ற அறிதல், இவையும் அவளுக்கு வர வேண்டியவை. குறைபாடு வந்த ஆண் பெரும்பாலும் இவற்றையும் சேர்த்து நிறுத்திவிடுகிறான். தொட்டால் எங்கே போய் முடியுமோ என்ற பயத்தில் முதுகு காட்டிப் படுத்துக்கொள்கிறான். தன்மேல் வெறுப்பு வந்துவிட்டதோ, வேறு யாரும் இருக்கிறார்களோ என்று அவள் தவிக்கிறாள். என்ன ஆயிற்று என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்றால், அந்தக் கேள்வி அவனையும் பயத்திலிருந்து விடுவிக்கக்கூடும்.

மாத்திரை எல்லோருக்கும் பலிப்பதில்லை. புராஸ்டேட் புற்றுநோய் அறுவையில் நரம்பு போனவர்கள் பலருக்கும், நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள் பலருக்கும் பலன் குறைவு. ஊசி, பம்பு, உள்ளே பொருத்தும் கருவி என்று வேறு வழிகள் உண்டு. வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து விட்டுவிடுவதும் ஒரு வழி. எல்லாம் பேசி, எல்லாம் பார்த்த பிறகு, இந்த வாழ்க்கை தனக்குப் போதாது என்று ஒரு மனைவி சொன்னால் அவளைக் குற்றவாளியாக்க எந்தச் சமயத்தின் பெயரையும் இழுக்கக் கூடாது. அந்த வாசல் திறந்திருக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறேன் என்று சொல்லும்போதுதான், அவள் கணவனாலும் அதை நம்ப முடியும்.