லட்சணமான எழுத்து யாருடைய எழுத்து?

சுவரிலும் தட்டியிலும் இதழின் முகப்பிலும் வருகிற அலங்கார எழுத்தைப் புதிதாக ஒருவர் வரைந்து நாலு பேரிடம் காட்டுகிறார். முதலில் வருகிற வார்த்தை, 'லட்சணமா இல்லையே.' பெண் பார்க்கப் போகிற வீட்டில் சொல்கிறார்களே, அதே வார்த்தை. அங்கே நிறம், மூக்கு, சாதி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் மார்க் போடுகிறார்கள். எழுத்து என்று வந்ததும் மட்டும் அந்த வார்த்தை சாதியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வருமா?

எழுத்தின் லட்சணம் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே கிடையாது. எகரத்தையும் ஏகாரத்தையும் இன்று நாம் எழுதுகிறபடி பிரித்தவர் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் என்பார்கள். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். அதில் 13 எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு ஏற்க 1978 வரை ஆனது. லை, னை எல்லாம் தும்பிக்கையை விட்டது அப்போதுதான். எழுத்தில் கை வைக்காதே என்கிறவரும் இன்று கை வைத்த எழுத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்துக் காலனியில் சுவர் எழுதுகிற அண்ணன் ஒருத்தர் இருந்தார். நூல் அடிச்சு, பட்டை பிரஷ்ஷை நேரா சுவத்துல வைப்பார். அவர் போடுகிற 'ழ'வின் வால் கதிர் அரிவாள் மாதிரி வளைந்து நிற்கும். அவரை யாரும் ஓவியர் என்று சொன்னதில்லை. 'போர்டு எழுதுற பையன்' என்பார்கள், ஐம்பது வயசிலும். 2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது, பிரஷ் பரணுக்குப் போனது. இப்போது அந்தக் கை எழுத்தெல்லாம் கம்ப்யூட்டரில் எழுத்துருவாகத் திரும்பி வருகிறது, 'கிராமியம்' என்று பேர் போட்டுக்கொண்டு. எழுதினவன் பேர் மட்டும் இல்லை. டெல்லியில் ஹனிஃப் குரேஷி, சுவர் எழுதுகிறவர்களின் எழுத்தை எழுத்துருவாக்கியபோது பெயின்ட்டர் கஃபீல் என்று அவரவர் பேரையே வைத்தார். முடியாத காரியம் இல்லை. சொந்தப் படைப்பு என்று சொல்லிக்கொள்கிறவர், எந்தக் கையிலிருந்து எடுத்தோம் என்று சொல்லவும் கடன்பட்டவர்.

அதற்காக, நம்மாளு வரைந்தது என்பதால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அதுவும் ஒருவிதத் துரோகம்தான். சுழியை அடைத்து எழுதினால் 'மனம்' எது, 'மணம்' எது? அலங்காரம் என்று ஏகாரத்தின் காலை வெட்டிவிட்டால் 'ஏடு' 'எடு' ஆகிவிடும். 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனால் வாசிக்கிறவன் தடுமாறுவான். கொலைக்கு நீதி கேட்டு ஒட்டுகிற போஸ்டர் பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் அந்த அழகு யாருக்கு? 'படிக்க முடியல' என்பது ஒரு குறை. 'பாக்க நம்ம எழுத்து மாதிரி இல்ல' என்பது வேறு. முன்னதற்குத் திருத்த வேண்டும். பின்னதற்கு, அந்த 'நம்ம' யார் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஆகவே யாரிடம் முதலில் காட்டுவது? நன்றாகப் படித்தவரிடம் அல்ல. அவர் ஒவ்வொரு எழுத்திலும் நின்று பார்ப்பதில்லை. பழகிய சொல்லை வேகமாகப் படித்துக்கொண்டு போய்விடுவார். சுழி தப்பாக இருந்தாலும் அவருக்குத் தட்டாது. 1990களில் அறிவொளி இயக்கத்தில் அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட நம் அம்மாக்களிடம் காட்டுங்கள். இன்றைக்கும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் போகிறவர்கள் அவர்கள். 'இது என்னா எழுத்து சாமி?' என்று விரல் நிற்கிற இடத்தில்தான் கோளாறு. தலைமுறை தலைமுறையாக எழுத்தை அண்டவிடாமல் விரட்டப்பட்டவர்களுக்குத்தான் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முதல் உரிமை. இதைக் கருணையில் சொல்லவில்லை. அந்த வேலைக்கு அவர்கள் கண்தான் சரியான கண்.

பிறகு மற்றவர்களிடம் போகலாம். போகும்போது 'வணக்கம்' என்று மட்டும் எழுதிக் காட்டாதீர்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகையின் தலைப்பில் 'பறையன்' என்று அச்சடித்தார். வசவாக எறிந்த சொல்லை எடுத்துப் பேராக நிறுத்தினார். உங்கள் எழுத்திலும் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். முகம் சுளிக்கிறவரிடம் நின்று கேளுங்கள்: எந்தச் சுழி சரியில்லை, எந்த வளைவு இடறுகிறது? காட்டிச் சொன்னால் குறித்துக்கொண்டு வந்து திருத்துங்கள். காட்ட முடியாமல் 'என்னமோ பிடிக்கல' என்றால், திருத்த வேண்டியது எழுத்தில் இல்லை.