இல்லத்துள் இரு திணை

சொல்லதிகாரத்தைத் தொடங்கும்பொழுதே தொல்காப்பியர் பொருள்களை இரண்டாகப் பகுத்துவிடுகிறார். மக்கள் உயர்திணை, பிறவெல்லாம் அஃறிணை. 'அம்மா வந்தாள், வண்டி வந்தது' என்று மழலை பேசும் குழந்தைக்கு இதனை எவரும் கற்பிப்பதில்லை. தெருவில் இந்தியும் மராத்தியும் குஜராத்தியும் பேசி வளரும் காட்கோபர்த் தமிழ்ப் பிள்ளைகளும் இதில் தவறுவது அரிது. ஆயினும் இப்பாகுபாடு இன்று நம் வீடுகளுக்குள்ளேயே ஒரு சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது.

1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்னும் மூவர் ஆவணங்களுக்கான குறியீட்டு மொழி ஒன்றை வகுத்தனர். அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளே ஜி.எம்.எல். என அதற்குப் பெயராயின. அதன் வழிவந்த எக்ஸ்.எம்.எல். 1998இல் பொதுத்தரமாயிற்று. இது தலைப்பு, இது நாள், இது தொகை என்று ஒவ்வொன்றும் இன்னதெனக் குறித்துவிட்டால் எந்திரம் அதற்கேற்ப நடந்துகொள்ளும், கருத்து அவ்வளவே. படிவக் கட்டங்களை நிரப்பியே நரைத்த எழுத்தர்க்கு இதில் வியப்பில்லை. இம்மாநகரின் சாப்பாட்டுக் கூடைக்காரர்கள் 1890 முதல் செய்து வருவதும் இதனைப் போன்றதே. மூடியிலுள்ள வண்ணமும் எழுத்தும் எண்ணும் போதும். உள்ளே இருப்பது வற்றற்குழம்பா, எலுமிச்சைச் சோறா என்று அவர்கள் திறந்து பார்ப்பதில்லை.

2013இல் தோன்றிய 'ஹோம் அசிஸ்டென்ட்' என்னும் இலவச மென்பொருள் இம்முறையை இல்லத்துக்குள் கொணர்ந்தது. அதன் விதிகளை 'யாமெல்' என்னும் வடிவில் எழுதலாம். ('இன்னுமொரு குறியீட்டு மொழி' என்று முதலில் பெயர் விரித்தவர்களே, பின்னர் 'இது குறியீட்டு மொழியன்று' என அதனை மாற்றி விரித்தனர்!) நம் பகுதி இளைஞர் ஒருவர் தம் வீட்டை அவ்வாறே நடத்துகிறார். தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்கும். கதிர் சாய்ந்தால் விளக்கெரியும். இரவு எட்டு மணிக்குத் தாயாரின் மாத்திரையை ஒலிபெருக்கி நினைவூட்டும். அந்தக் கோப்பில் விளக்கு, விசிறி, கதிரவன், தாயார் அனைவர்க்கும் 'என்டிட்டி' என்னும் ஒரே பெயர்தான். கதிரவனுக்கு அடிவானத்தின் மேல், கீழ் என இரு நிலை. தாயாருக்கு வீட்டில் உண்டு, இல்லை என இரு நிலை.

இதனை எள்ளி நகையாடிவிட நமக்கு மனமில்லை. விதிகளை எழுதப் புகுந்தபோதுதான் பால் கணக்கு, எரிவாயு உருளை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றின் நாள்களையெல்லாம் தம் மனைவி ஒருவரே நெஞ்சில் சுமந்திருந்ததை அவர் அறிந்தார். பன்னிரண்டு ஆண்டு இல்லறம் காட்டாததை ஒரு கோப்பு காட்டிற்று. தாயாருக்கும் அதன்பின் ஒரு வேளை மாத்திரையும் தவறவில்லை. முன்பு ரயில் தாமதித்த நாள்களில் தவறியதுண்டு.

ஆனால் ஒருநாள் அந்த அம்மையார் மகனிடம், "மாத்திரை போட்டுக்கிட்டேன்ப்பா. நீ கேக்கலியேன்னுதான் பார்த்தேன்" என்றாராம்.

நினைவூட்டல் வேறு, கேட்டல் வேறு. முன்னது அஃறிணையால் ஆகும், பின்னது ஆகாது. "மாத்திரை போட்டாச்சாம்மா?" என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்து கிடந்தமையால் அவை இரண்டென்றே நாம் அறியாதிருந்தோம். எந்திரம் தன் பங்கை மட்டுமே எடுத்துக்கொண்டது. தங்குதற்குத் தனியிடம் இல்லாத மற்றொன்று தானே நழுவிற்று. குறை கோப்பினுடையதன்று. கடமை முடிந்தது எனக் கருதி இருந்துவிட்ட மகனுடையதே என்போம். ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு மாதந்தோறும் பணவிடை அனுப்பிய நம் தலைமுறைக்கு அதைச் சொல்லும் தகுதி எவ்வளவு என்பதும் ஐயமே.

அக்கோப்பில் சில வரிகளை ஹாஷ் குறியிட்டுத் தொடங்கலாம். அவற்றை எந்திரம் படிக்காது தாண்டிச் செல்லும். அவை மனிதர்க்கு மட்டுமானவை. மாத்திரை விதிக்கு மேல் அவ்வாறு ஒரு வரியை இளைஞர் சேர்த்திருக்கிறார்: 'ரயில் இறங்கியதும் அம்மாவைக் கூப்பிடு.' எல்லா நாளும் கூப்பிடுகிறீரா என வினவினோம். பெரும்பாலும், என்றார்.