இடது குழல்

துப்பாக்கி வாங்க மனுப் போடுகிறவன் முதலில் ஒரு காரணம் எழுதவேண்டும். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. சாதாரண ரவைத் துப்பாக்கிக்கு அது ஒப்புக்கொள்கிற காரணங்கள் பாதுகாப்பு, வேட்டை என்பவை. 'எதிர் வீட்டுக்காரர் வைத்திருக்கிறார், எனக்கும் ஆசையாக இருக்கிறது' என்று எழுத இடமில்லை. 1965-ல் நான் 'பாதுகாப்பு' என்று எழுதினேன். சிறுமலை அடிவாரத்தில் என் மாமாவுக்குக் கடலைக்காடு இருந்தது. காட்டுப் பன்றிகள் இறங்கினால் ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போய்விடும். ஆகவே நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் கடலைக்காக மட்டும் ஒரு குமாஸ்தா நாலு மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுப்பானா என்பதை நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

சென்னைக்குப் போய், அன்று மவுண்ட் ரோடு என்று பெயர் கொண்டிருந்த சாலையில், ஒரு கடையில் வாங்கினேன். பர்மிங்ஹாமில் செய்த பழைய இரட்டைக் குழல். பன்னிரண்டு போர். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அதில் ஒன்று அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும். அதுதான் பன்னிரண்டு என்ற கணக்கு. கடைக்காரர் துப்பாக்கியை நடுவில் மடித்து, இரண்டு குழல்களையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே வளையம் வளையமாக வெள்ளி ஒளி. நான் அதில் மயங்கிப்போனேன் என்பதை ஒப்புக்கொள்வதில் இந்த வயதில் வெட்கமில்லை.

"விசை இரண்டு இருக்கிறதே, எதற்கு?" என்று கேட்டேன்.

"முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு சார். இடது குழலின் வாய் கொஞ்சம் குறுகலாக இருக்கும். ரவை சீக்கிரம் சிதறாது. முதல் குண்டுக்குத் தப்பினது தூரப் போயிருக்கும் இல்லையா? அதற்காக" என்றார்.

முதல் முறை தவறும் என்று எதிர்பார்த்தே செய்யப்பட்ட கருவி அது. மனிதனுடைய மற்ற சாமான்களில் இவ்வளவு அடக்கம் கிடையாது.

ஊருக்கு வந்து, மாமா வீட்டுப் பழைய கதவில் பத்திரிகைத் தாளை ஒட்டி, நாற்பது கஜம் தள்ளி நின்று சுட்டேன். கட்டையைத் தோளோடு இறுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னது அந்த நிமிஷத்தில் மறந்துவிட்டது. கழுதை உதைத்ததுபோல் விழுந்தது ஓர் அடி. தாளில் அம்மை வார்த்த மாதிரி பொத்தல்கள். பையன்கள் கூச்சலிட்டார்கள். "இன்னொண்ணும் சுடுங்க மாப்பிள்ளே" என்றார் மாமா. தோள் வலியை மறைத்துக்கொண்டு, "தோட்டாவை வீணாக்குவானேன்?" என்றேன். அது இரண்டாவது காரணம்.

மூன்று நாள் கழித்துப் பரணில் உட்கார்ந்தோம். மாமா கையில் ஐந்து பாட்டரி டார்ச். குழல்களில் எல்.ஜி. தோட்டாக்கள், அதில் குண்டுகள் பட்டாணி அளவு இருக்கும். பின்னிரவில் பன்றி வந்தது. வெளிச்சம் விழுந்ததும் முன்விசையை இழுத்தேன். அது குழந்தை மாதிரி அலறியது. பின்கால்கள் சரிய, எங்கள் பக்கமே திரும்பி, பதினைந்து கஜத்தில், டார்ச் வெளிச்சத்தின் நடுவே நின்றது. என் விரல் ஓர் அங்குலம் பின்னால் போனால் போதும். போகவில்லை. பன்றி உடம்பை இழுத்துக்கொண்டு ஓடைப் பக்கமாக இருட்டில் மறைந்தது.

"மாப்பிள்ளைக்கு இளகின மனசு" என்றார் மாமா. அத்தையும் காலையில் அதையே சொன்னாள். இப்படி எனக்கு மூன்றாவது காரணம் இலவசமாகவே கிடைத்தது. நான் மறுக்கவில்லை.

விடிந்து வெகுநேரமாகியும் ஓடையிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. காவலுக்கு இருந்த பெரியவர் வேல்கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் துப்பாக்கியோடு பின்னால். இடது குழலில் தோட்டா அப்படியே இருந்தது. கள்ளிப் புதருக்குள் பன்றி முன்கால்களை ஊன்றி உட்கார்ந்திருந்தது. கண் எங்களையே பார்த்தது.

"முடிச்சிருங்க தம்பி" என்றார்.

"என்னால் ஆகாது தாத்தா."

"அப்படின்னா இங்கே கொடுங்க."

"லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது. இன்னொருத்தர் கையில் கொடுக்கக் கூடாது" என்றேன்.

சட்டப்படி அது சரியான பதில். பெரியவர் ஒன்றும் பேசாமல் புதருக்குள் இறங்கினார். இரண்டு குத்தில் காரியம் முடிந்தது. ஆனால் அதற்குள் பன்றியின் கோரைப்பல் அவர் தொடையை விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. திண்டுக்கல்லுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டார். அந்தக் காலை ஊன்றும்போது கொஞ்சம் சாய்வார், அவ்வளவுதான். அதைப் பற்றி என்னிடம் அவர் ஒரு நாளும் பேசினதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத நோயில் துடித்தபோது, காந்திஜி டாக்டரை அழைத்து ஊசி போட்டு அதன் உயிரைப் போக்கச் செய்தார். அகிம்சையைப் போதித்தவரே இப்படிச் செய்யலாமா என்று கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவரும் சளைக்காமல் தம் பத்திரிகைகளில் பதில் எழுதினார். அந்த விவாதத்தைப் பிற்பாடு படித்தபோது, அவர் செய்தது சரியா தப்பா என்பதைவிட வேறொன்றுதான் என்னை உறுத்தியது. அந்தக் கன்றின் வேதனைக்கு அவர் காரணம் அல்ல. ஆனாலும் பக்கத்தில் நின்று, செய்ததைத் தம் பெயரிலேயே எழுதிக்கொண்டார். பன்றியின் வேதனையோ முழுக்க என் கைங்கரியம். முதல் குண்டு அவசரத்தில், ஆசையில், டார்ச் வெளிச்சத்தின் பரபரப்பில் போனது. அதற்கு மன்னிப்பு உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன். இரண்டாவது குண்டு நிதானமாக, கண்ணைப் பார்த்துச் சுடவேண்டியது. அதைச் சுட்டிருந்தால் நான் கொன்றவன். சுடாததனால் இளகின மனசுக்காரன். அந்தப் பட்டத்துக்கு விலை கொடுத்தது ஒரு கிழவருடைய தொடை.

சுடாமல் இருப்பது எப்போதுமே கோழைத்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. விசையில் கை வைக்காதவனுக்கு அது தர்மமாகவே இருக்கலாம். பாதி வேலையைச் செய்துவிட்டு மீதிக்கு மட்டும் கருணை காட்டுகிறவனைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆபீசில், குடும்பத்தில், சிநேகிதத்தில் இந்த ரகத்தைப் பார்த்திருக்கிறேன். பல தடவை கண்ணாடியிலும்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் துப்பாக்கியை அதே கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரருக்குத் தலை நரைத்திருந்தது. முன்போலவே குழல்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இடது குழல் எப்படி சார், சரியாகச் சுடுகிறதா?"

"தெரியாது. நான் அதைச் சுட்டதில்லை."

ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பதிவுப் புத்தகத்தைப் பிரித்தார்.

"விற்கிறதற்குக் காரணம் என்ன என்று எழுதிக்கொள்ளட்டும்?"

"ஊர் மாற்றம்" என்றேன்.