கையும் கவனமும்

வண்டி ஓட்டும்போது கைபேசி உபயோகிப்பதைச் சட்டம் தண்டிக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். சட்டத்தின் வாசகம் அப்படியில்லை. கையில் பிடித்திருக்கும் கருவியை உபயோகிப்பதைத்தான் அது தண்டிக்கிறது. இந்த வித்தியாசத்தை வக்கீல்களின் விஷயம் என்று ஒதுக்கிவிட முடியும் என எனக்குத் தோன்றவில்லை. குற்றம் நிகழ்வது கையிலா, மனசிலா என்ற பழைய கேள்விதான் இங்கே போக்குவரத்து விதியின் வேஷத்தில் வந்து நிற்கிறது.

2017 ஆகஸ்டில் லண்டனில் ஒருவர், விபத்து நடந்த ஓர் இடத்தைக் காரில் கடந்துபோகிறபோதே அதைக் கைபேசியில் படம் பிடித்தார். கீழ்க்கோர்ட் தண்டித்தது; மேல்முறையீட்டில் தண்டனை ரத்தாயிற்று; 2019 ஜூலையில் ஹைகோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. 2003-ல் வந்த அந்த விதி பேச்சு, செய்தி போன்ற தொடர்புகளை மட்டுமே தடுத்திருந்தது. படம் பிடிப்பது அதற்குள் வராது. கவனக்குறைவாக ஓட்டியதற்கு வேறு பிரிவில் வழக்குத் தொடரலாம் என்பதையும் நீதிபதிகள் சொல்லாமலில்லை. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். எழுதப்படாத குற்றத்துக்குத் தண்டனை தருகிற நீதிபதி, கவிதையில் இல்லாத அர்த்தத்துக்காகக் கவிஞனை மெச்சுகிற நம் விமர்சகர்களைவிட அபாயமானவர். 2022 மார்ச்சில் விதியைத் திருத்தி, கையில் பிடித்து அநேகமாக எதைச் செய்தாலும் குற்றம் என்று ஆக்கினார்கள். ஓட்டை அடைபட்டது. ஆனால் கையின் ஓட்டை மட்டுமே. கையில் பிடிக்காமல் பேசிக்கொண்டு போகிறவனை அந்த விதி இன்றும் தொடுவதில்லை.

இவனால் ஆபத்து குறைவா? 1997-ல் ரெடல்மயர், டிப்ஷிரானி என்ற இருவர், டொரண்டோவில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து எழுதினார்கள். பேசுகிறபோது மோதும் அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்கு. கையில் பிடிக்காத போன் அதைக் குறைத்ததாக அவர்களுக்குத் தெரியவில்லை. யோசித்தால் ஆச்சரியமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர், எதிரே லாரி வந்தால் வாயை மூடிக்கொள்கிறார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது.

அப்படியானால் கையைத் தண்டிப்பது பாசாங்கு என்பார்கள். நான் வேலை செய்கிற உலகத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு. வங்கியின் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள், இரண்டு பேரிடம். ஒருவர் சௌகரியத்துக்காக இரண்டையும் தானே வைத்திருந்தால், ஒரு பைசா குறையாவிட்டாலும் விளக்கம் கேட்டு மெமோ வரும். அவர் நாணயத்தை யாரும் அளக்கவில்லை. அளக்க முடியாது என்பதால்தான் சாவியை எண்ணுகிறார்கள். விபத்தே நடக்காதபோது அபராதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். இடித்தவனும் இடிக்காமல் வீடு சேர்ந்தவனும் செய்த காரியம் ஒன்று. வித்தியாசம், தெருவில் அந்தக் கணத்தில் ஒரு குழந்தை ஓடிவந்ததா இல்லையா என்பதுதான். அதிர்ஷ்டத்தை விலக்கிவிட்டு இருவரையும் ஒரே தட்டில் வைக்கிற அபராதச் சீட்டு, விபத்துக்குப் பிறகு வருகிற கோபத்தைவிட நியாயமானது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2019 டிசம்பரிலிருந்து, முன் கண்ணாடி வழியாக ஓட்டுநரின் மடிவரை பார்க்கிற காமிராக்கள் இயங்குகின்றன. மடியோடு நிற்கட்டும். என் கவனம் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த ஒரு அரசாங்கத்தைவிட, கவனமில்லாத சில ஓட்டுநர்களோடு வாழ்வதையே தேர்ந்தெடுப்பேன்.

நமது சட்டம் ஒரு சமயம் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டது. 2019 திருத்தம் கைக்கருவியை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த விதி, வழி பார்ப்பதற்கு மட்டும் அதை அனுமதித்து, ஓட்டுபவரின் மன ஒருமைப்பாடு கலையாத வகையில் என்று ஒரு நிபந்தனை போட்டது. சிக்னலில் நிற்கிற கான்ஸ்டபிள் மன ஒருமைப்பாட்டை எதைக் கொண்டு அளப்பார்? இதற்குள் நம் ஜனங்கள் தீர்வும் கண்டுவிட்டார்கள். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் இடையில் போனைச் செருகிக்கொண்டு போகிறவனின் இரண்டு கைகளும் ஹாண்டில்பாரில். அவனைப் பிடித்தால் கையில் எங்கே சார் இருக்கிறது என்று வாதாடுவான். தலைக்கவசம் வேறு அணிந்திருக்கிறான்.

சட்டம் கையோடு நிற்பதில் தவறில்லை. அது நிற்கிற இடத்தில் நம் மனசாட்சியும் நின்றுவிடுவதுதான் என்னை உறுத்துகிறது. கை காலியாக இருப்பதே யோக்கியதை ஆகிவிடுகிறது. அதோடு, எந்தச் சட்டத்தின் கையும் எட்டாத ஒருவர் மறுமுனையில் இருக்கிறார். அவர் வீட்டிலோ ஆபீசிலோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுகிறவனின் கவனத்தில் பாதியை எடுத்துக்கொண்டிருப்பவர் அவர்தான். விபத்து நடந்தால் சாட்சியாகக்கூட வரமாட்டார். இணைப்பை வெட்டுவது இருவரில் அவருக்குத்தான் சுலபம்.

மார்ச் மாதக் கடைசி வாரத்தில், கடன் வசூலுக்கு மோட்டார் சைக்கிளில் போயிருக்கிற அதிகாரிகளை மேலிடத்திலிருந்து கூப்பிட்டுப் புள்ளிவிவரம் கேட்பார்கள். ஓட்டிக்கிட்டிருக்கேன் சார் என்று பதில் வரும். காற்றின் இரைச்சல் ஸ்பீக்கரில் கிளைக்கே கேட்கும். பரவாயில்லை, தொகையை மட்டும் சொல்லுங்க என்பார்கள்.