காலை மடக்கினால் பலகை எழும்

ஸ்கேட்போர்டைக் கையால் பிடிக்காமலே அந்தரத்தில் எழும்பும் வித்தையை 1970களின் பிற்பகுதியில் புளோரிடாவில் செய்துகாட்டினார் ஆலன் கெல்ஃபாண்ட். அவருடைய பட்டப்பெயரான 'ஆலி'யே அதன் பெயரானது. 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதைச் சமதளத்துக்குக் கொண்டுவந்தார்.

உயரம் எங்கிருந்து வருகிறது?

பின்கால் பலகையின் வாலைத் தரையில் 'டக்'கென்று அடிக்க, மூக்கு நிமிர்கிறது. முன்கால் ஷூவின் ஓரம் பலகைமேல் ஒட்டிய சொரசொரப்புத் தாளில் உரசியபடி முன்னேறி, பலகையைச் சமன்செய்கிறது. பின்கால் அதற்குள் விலகி வழிவிட வேண்டும். முழங்கால் மடங்கிய அளவுக்குத்தான் பலகைக்கு இடம். புதியவரோ உயரத்தை விரும்பி வாலை இன்னும் ஓங்கி மிதிக்கிறார்.

பலனில் பற்று வைக்காதே என்கிறது கீதையின் கர்மயோகம். உயரத்தை விரும்பாமல் யார் குதிப்பார்? ஆனால் தாண்ட வேண்டிய தடையைக் கண்டு பதறும் கால், நடுவானிலேயே தரையைத் தேடி நீண்டுவிடுகிறது. விடவேண்டியது ஆசையையா, அந்த அரை நொடிப் பதற்றத்தையா?