ஓடைமீனும் விவேகமும்

எல்லா உயிரிடத்தும் அன்பு செலுத்த வேண்டுமென்று போதிக்கும் சமயங்கள் தழைத்த இந்த நாட்டில், அந்த உயிர்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தறியும் பொறுப்பும் அந்த அன்பைச் சேர்ந்ததுதானா, அல்லது அது படித்தவர்களின் பொழுதுபோக்கு மாத்திரந்தானா என்ற வினா போதிய அளவு விசாரிக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் கைவலையோடு இறங்கி, விரல் நீளமே உள்ள மீன்களைப் பிடித்து, இன்னதென்று அடையாளங்கண்டு, மறுபடியும் நீரிலேயே விட்டுவிடும் ஆர்வலர் சிலரோடு பழக நேர்ந்த பிறகு, இந்த வினாவைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

அவர்கள் செய்வது இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்ணாடிகளுக்கிடையே விரற்கடை அளவே இடமுள்ள ஒடுங்கிய தொட்டியில் ஓடைநீரை நிரப்பி, அதில் மீனை விட்டு, அது அச்சந்தெளிந்து துடுப்புகளை விரிக்கும் வரையில் காத்திருக்கிறார்கள். வாயோரத்தில் மீசை உண்டா, உண்டென்றால் ஒரு ஜோடியா இரண்டு ஜோடியா, பக்கவாட்டுக் கோட்டில் செதில்கள் எத்தனை, முதுகுத்துடுப்பின் முள் வழவழப்பானதா பற்களுடையதா, கரும்புள்ளி எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்று பார்த்து, படமெடுத்து, ஆற்றின் பெயரையும் நாளையும் குறித்துக்கொள்கிறார்கள். குளிக்க வந்தவனுக்குப் பொடிமீனாகவும், குழம்பு வைப்பவளுக்குக் கெண்டையாகவோ அயிரையாகவோ இருப்பது, அந்தச் சில நிமிஷங்களில் தனக்கே உரிய ஒரு முகத்தைப் பெற்றுவிடுகிறது.

இந்த வேலை பெரும்பாலும் விலக்குதலாலேயே நடைபெறுகிறது. மீசை இல்லை, ஆகவே இன்ன இனங்கள் அல்ல. முள்ளில் பற்கள் இல்லை, ஆகவே இன்னவையும் அல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, தள்ள முடியாமல் எஞ்சி நிற்பதற்குப் பெயர் சொல்கிறார்கள். காஞ்சிக்கு அருகே பிறந்தவரென்று மரபு கூறும் பௌத்த தார்க்கிகர் திங்நாகர், ஒரு சொல் தன் பொருளை நேராகத் தொட்டுக் காட்டுவதில்லை, அதுவல்லாத பிறவற்றை விலக்குவதன் வாயிலாகவே உணர்த்துகிறது என்ற அபோகக் கொள்கையை நிலைநாட்டினார். அதை மறுத்த நியாய வைசேஷிகர்களோ, பசுக்கள் அனைத்திலும் பசுத்தன்மை என்னும் சாமானியம், அதாவது பொதுத்தன்மை, மெய்யாகவே இருக்கிறது, அது ஒன்றாய், நித்தியமாய், பலவற்றில் சமவாயம் என்னும் பிரியாத உறவால் உறைகிறது, அதனாலேயே அவற்றை ஒரே சொல்லால் அழைக்கிறோம் என்றார்கள். பல நூற்றாண்டுகள் நீடித்த இந்த வாதத்தில் இரு தரப்பாரும் பெரும்பாலும் எடுத்துக்கொண்ட உதாரணங்கள் பசுவும் குடமுமாகும். பசுவை வேறொன்றாக யாரும் மயங்குவதில்லையாதலால் அந்த உதாரணம் அவர்களுக்கு எந்தத் தொல்லையும் கொடுக்கவில்லை. ஓடைமீன் அப்படிப்பட்டதன்று.

டாகின்சியா ஃபிலமென்டோசா என்ற கெண்டை வகையை எடுத்துக்கொள்வோம். 1844-இல் பிரெஞ்சு அறிஞர் வலென்சியென் விவரித்த இந்த மீன், இளமையில் உடலின் குறுக்கே கரும்பட்டைகளோடு காணப்படுகிறது; வளர வளர அவை மங்கி மறைந்து, வாலருகே ஒரே கருந்திட்டு மாத்திரம் எஞ்சுகிறது; முதிர்ந்த ஆணுக்கோ முதுகுத்துடுப்பின் கதிர்கள் இழை இழையாக நீண்டுவிடுகின்றன. இளையதையும் முதிர்ந்ததையும் அருகருகே வைத்தால் இரண்டு இனம் என்றே கண் சொல்லும். குட்டியாக இருந்தது முதல் அதன் வாழ்நாளைத் தொடர்ந்து பார்த்தவனே, அதுதான் இது என்று துணிந்து சொல்ல முடியும். ஆக, ஒரு பிராணியின் லட்சணங்கள் என்று நாம் எண்ணிக் குறிப்பவை அதன் சொரூபம் ஆகிவிடுவதில்லை.

இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. என் சிந்தனையை அதிகமாகக் கலக்கியது அதுதான். வர்த்தகத்தில் 'மிஸ் கேரளா' என்று புகழ்பெற்ற மீன், மூக்கிலிருந்து கண்ணைக் கடந்து நடுவுடல் வரையில் ஓடும் செந்நிறக் கோடும், அதன்கீழ் வால் வரையில் ஓடும் கருங்கோடும் உடையது. சென்னை ராஜதானியில் ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1865-இல் அதை விவரித்து, அப்பொழுது கவர்னராக இருந்த சர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். சாலக்குடி ஆற்றில் அதே கோடுகளுடன் வாழும் மீன் வேறோர் இனம் என்று விவரிக்கப்பட்டது 1999-இல்தான். வளர்ந்த மீனின் முதுகுத்துடுப்பில் உள்ள கறுப்புத் திட்டு அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் ஒன்று. இடைப்பட்ட 134 ஆண்டுகளில் சாலக்குடி மீன் அழிந்து போயிருந்தால், அழிந்ததற்காக வருந்துவதற்கு ஓர் ஆத்மாவும் இருந்திராது. ஏனெனில் இழப்பதற்கு அப்படி ஒன்று இருந்ததென்பதே எவருக்கும் தெரிந்திராது. பிரித்தறியும் விவேகம் இல்லாத இடத்தில் துக்கமும் இல்லை. துக்கப்படத் தெரியாத கருணையைக் கருணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாமிரபரணிக்குரிய டாகின்சியா தம்ப்ரபர்ணியையின் வரலாறும் யோசிக்கத் தக்கது. காவிரி வடிநிலத்து மீனொன்றை ஆய்வாளர் ஜெர்டன் 1849-இல் அருலியஸ் என்று விவரித்திருந்தார். அதன் உட்பிரிவாகவே தாமிரபரணி மீனை 1954-இல் மீனியல் அறிஞர் சைலஸ் கணித்தார். இன்று அறிஞர் அதைத் தனி இனமாகக் கொள்கிறார்கள். மீன் அப்படியேதான் இருக்கிறது. மாறியது நம் நிர்ணயம். பெயர்களின் நிலையாமைக்கு இன்னொன்றும் சொல்லலாம். நம் மலையோடைகளில் வாழும் பட்டைக்கோடிட்ட சிறுகெண்டை ஒன்று, நெடுங்காலம் புன்டியஸ் என்ற பேரினத்தில் வைத்து எண்ணப்பட்டு, 2012-இல் திராவிடியா என்று பெயர் பெற்று, அந்தப் பெயர் ஓர் ஈயினத்துக்கு முன்னமே இடப்பட்டிருந்தமையால் 2013-இல் ஹலுதாரியா ஆயிற்று. 1822-இல் வெளிவந்த ஹாமில்டனின் கங்கை மீன் நூலுக்குச் சித்திரங்கள் வரைந்த ஹலுதார் என்னும் வங்க இளைஞரை நினைவுகூர்வது அந்தப் பெயர். ஏறக்குறைய 200 ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்த ஒரு கைக்குச் செய்த அந்த மரியாதை என் மனத்துக்கு மிகவும் உகந்தது.

அப்படியானால் இனம் என்பது வெறும் பெயர்தானா? நியாய வைசேஷிகர்கள் சொன்னபடி நித்தியமான சாமானியமாக அதைக் கொள்வதற்கு, 1859-இல் டார்வின் வெளியிட்ட நூலுக்குப் பிறகு இடமில்லை; இனத்துக்குத் தோற்றமும் உண்டு, மறைவும் உண்டு. ஆனால் மனிதன் விலக்கிப் பிரித்த கற்பனை மாத்திரமே என்றும் என்னால் ஒப்ப முடியவில்லை. அந்தக் கற்பனையைச் செய்ய மனிதன் தோன்றுவதற்கு முன்பே அந்தந்த ஆற்று மீன் தன் துணையைத் தானே தேர்ந்து கூடியிருக்கிறது. நிலையான ஆன்மாவை மறுத்த பௌத்தர்களே, கணந்தோறும் மாறியும் அறுபடாமல் செல்லும் சந்தானம் என்ற ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். ஓர் ஓடையின் மீனினம் அப்படிப்பட்ட சந்தானம் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மெய்யானது, ஆயினும் நித்தியமற்றது. ஆகவே காக்கப்பட வேண்டியது. நித்தியமான பொருளைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை அல்லவா?

84 லட்சம் யோனிபேதங்களில், அதாவது பிறவி வகைகளில், நீர்வாழ்வன 10 லட்சம் என்று நம்மவர் வகுத்தார்கள். அந்தத் தொகையைக் கணக்காகக் கொள்ள வேண்டியதில்லை. நீருக்குள் ஒரே மீன் இல்லை, எண்ணற்ற பேதங்கள் உண்டு என்ற உணர்வு அதில் இருக்கிறது. பாபநாசம் படித்துறையில் நின்று மீன்களுக்குப் பொரி போடுகிற பக்தரின் அன்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எல்லாம் மீனே என்ற அந்தப் பொதுவான அன்பு, தெரியாமலே தீங்கு செய்யவும் கூடும். வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனைப் புண்ணியமென்று கருதி ஆற்றிலோ கோயில் குளத்திலோ விடுகிறவர், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சிற்றுயிர்களுக்கு என்ன செய்கிறார் என்பதை அறியார். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டதும் 1952-இல் இந்தியாவில் புகுத்தப்பட்டதுமான ஜிலேபிக் கெண்டை இன்று எத்தனை குளங்களை, ஆறுகளைத் தனதாக்கிக்கொண்டிருக்கிறது என்பதை மீனவர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

அறிவதற்காகக் கொல்லலாமா என்ற கேள்வி ஒன்று எஞ்சுகிறது. முதன்முதல் ஓர் இனத்தை விவரிப்பவர் சில மீன்களைக் கொன்று, திரவத்தில் பதப்படுத்தி, பின்வருவோர் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துச் செல்கிறார். அதை ஹிம்சை அல்லவென்று நான் சொல்லவில்லை. சில உயிர்களின் முடிவால் ஒரு சந்தானம் முழுவதும் அறியப்பட்டுக் காக்கப்படுமாயின், அந்தப் பாரத்தை உணர்ந்து, வேண்டிய அளவுக்கு மேல் ஒன்றும் எடுக்காமல் செய்பவரை நான் குற்றஞ்சாட்ட மாட்டேன். பெயர் தெரிந்துகொள்ளும் ஆசையால் மாத்திரம் ஓடைக்குச் செல்பவருக்கு அந்த உரிமை கிடையாது. தெளிவான படமும், ஆற்றின் பெயரும், பொறுமையும் அவருக்குப் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆற்றுக்கு ஆறு மீன் வேறுபடுவதால், பிடித்த இடம் எழுதப்படாத படம், எவ்வளவு அழகாயிருந்தாலும், பாதிச் சான்றுதான்.

ஆகையால் இந்த ஆர்வமுள்ள இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ஓடையின் பெயரையும் நாளையும் படத்தோடு எழுதி வையுங்கள், பார்த்து முடித்ததும் மீனைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், காப்புக்காட்டு ஓடைகளில் அனுமதியின்றி வலையை இறக்காதீர்கள், வீட்டுத் தொட்டியின் மீன் எதுவாயினும் அதை ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.